இடது மூலைக்குப் போகும் பந்து

கூடைப்பந்தை உள்ளங்கையால் அறையக் கூடாது. புதிதாக ஆட வருகிற எல்லாரும் முதல் நாள் செய்கிற தப்பு அது. உள்ளங்கை பட்ட பந்து கோபித்துக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடும். விரல்களை விரித்து, விரல் நுனிச் சதையால் கீழே தள்ளினால் போன வழியிலேயே திரும்பி வரும். முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். பந்து இடுப்புக்கு மேலே எழக் கூடாது. எல்லாவற்றையும் விடக் கஷ்டம், பந்தைப் பார்க்காமல் தட்டுவது.

"கண்ணு பந்து மேலயே இருந்தா ஆட்டத்தை எப்படிடி பாப்ப? பந்து எங்க போயிடப் போகுது? தரைக்கும் உன் கைக்கும் நடுவுலதான் கிடக்கும். அதுக்கு வேற போக்கிடம் கிடையாது," என்றாள் ரேடியோ.

ரேடியோ பதினொன்றாம் வகுப்பு. நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெயர். பந்தை எறியும்போதும் பேசுவாள், மூச்சு வாங்கும்போதும் பேசுவாள், எதிரணிப் பெண்ணிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது அவளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டே ஓடுவாள்.

அவளிடம் கற்றுக்கொண்டவள் ஒன்பதாம் வகுப்புச் சின்னவள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் பள்ளிக்கும் வந்துவிட்டது. காரணம், பள்ளியின் இதே விளையாட்டுக் கூடத்தில் ஒரு பெரியவள் இருந்தாள். சின்னவளின் அக்கா. போன வருடம் வரை இந்த அணியின் ஐந்தாவது ஆள். ஒரு மாலைப் பயிற்சியில், கூடத்தின் இடது மூலையில் நின்று, பந்து கேட்டு இரண்டு தடவை கை தட்டிவிட்டு அப்படியே சரிந்து விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயத்தில் பிறக்கும்போதே ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, வெளியே தெரியவே தெரியாது என்று டாக்டர் சொன்னார்.

ஐந்து பேர் இல்லாமல் கூடைப்பந்து ஆட்டத்தைத் தொடங்க முடியாது. தொடங்கிய பிறகு ஒருத்தி வெளியே போனால் நாலு பேரோடு ஆடலாம்; தொடங்குவதற்கு மட்டும் ஐந்து பேர் வேண்டும். மிச்சமிருந்தது நாலு பேர்: கேப்டன், ரேடியோ, உயரத்துக்காக ஒட்டகம், கைநீளத்துக்காகச் சிலந்தி. வேறு எந்த வீட்டிலும் பிள்ளையை அனுப்பவில்லை. கடைசியில் பி.டி. மிஸ் தயங்கித் தயங்கிச் சின்னவளை வராந்தாவில் நிறுத்தி ஆரம்பித்தபோது, அவர் முடிப்பதற்குள் அவள் "வரேன் மிஸ்" என்றுவிட்டாள்.

வீட்டில் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு ஏன் அணைத்தோம் என்று தெரியாமல் மறுபடி பற்ற வைத்தாள். அவ்வளவுதான்.

*

கூடத்தின் தரை மரத்தாலானது. நீளநீளப் பலகைகள், அங்கங்கே வார்னிஷ் உரிந்து வெளுத்தவை. பயிற்சிக்கு எதிரணி கிடையாது. அதனால் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் எதிரணி. "இந்தச் சிவப்பு நாற்காலி ரொம்ப முரட்டு ஆளு, பாத்து நட," என்று எச்சரித்தாள் ரேடியோ.

பந்தை இன்னொருத்தியிடம் கொடுப்பது இரண்டாவது பாடம். மார்புக்கு எதிரே இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து, தள்ள வேண்டும். பந்து கையை விட்டுப் போன பிறகு கட்டைவிரல்கள் தரையைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சரியாகத் தள்ளியிருக்கிறோம் என்று அர்த்தம். என் மார்பிலிருந்து கிளம்பி உன் மார்புக்கு வந்து சேர வேண்டும். அதற்கு மேலே போனால் மூக்கு, கீழே போனால் முழங்கால்.

"இன்னொன்னு இருக்கு, இதுதான் முக்கியம்," என்றாள் ரேடியோ. "ஆளு இருக்குற இடத்துக்குப் பந்தைப் போடாத. ஆளு வந்து சேரப் போற இடத்துக்குப் போடு. பந்து போய்ச் சேர்றதுக்குள்ள அவ ரெண்டு எட்டு நகந்திருப்பா இல்ல? ஆளே இல்லாத இடத்துக்கு நம்பிப் போடணும். அவ வருவா."

இதைச் சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். ரேடியோ வாயை மூடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவளைப் பார்க்கவில்லை; இடது மூலையைப் பார்த்தார்கள்.

காரணத்தைச் சின்னவள் அன்றே கண்டாள். கேப்டன் குள்ளம், ஆனால் காற்று மாதிரி ஓடுவாள். நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு நாற்காலிகளுக்குள் புகுந்தாள், கூடைக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றாள், தலையைத் திருப்பாமலேயே பந்தை இடது மூலைக்கு எறிந்தாள். அங்கே யாரும் இல்லை. பந்து சுவரில் 'தொம்' என்று மோதித் திரும்பி உருண்டது. சிலந்தி போய் எடுத்து வந்தாள். வீட்டில் குழாய் ஒழுகினால் பாத்திரத்தை மாற்றி வைக்கிற மாதிரி, அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"எப்பவுமா இப்படி?" என்று சின்னவள் கிசுகிசுத்தாள்.

"எப்பவும் இல்ல. அஞ்சாறு தடவைக்கு ஒரு தடவை," என்றது ஒட்டகம். "நீ கண்டுக்காத."

கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? வலது பக்கம், கூடைக்கு அருகே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றது சின்னவள்தான். கேப்டன் நின்ற இடத்திலிருந்து அவள் ஒரு கை தூரம். கேப்டனின் கண் அவள் மேல் பட்டது, கண்ணாடிக் கதவின் மேல் படுவது மாதிரி பட்டு, அப்பால் போய்விட்டது. நாட்கள் போகப் போக ரேடியோ அவளுக்குப் பந்து கொடுத்தாள், சிலந்தி கொடுத்தாள், ஒட்டகம் தலைக்கு மேலிருந்து இறக்கிக்கூடக் கொடுத்தது. கேப்டன் கையிலிருந்து ஒன்றும் வரவில்லை. வர வேண்டும். அவளுக்கென்று ஒரே ஒரு பந்து. அது வராதவரை தான் ஆட்டத்தில் இல்லை, ஐந்து என்ற எண்ணிக்கையை நிரப்ப வைத்த இன்னொரு நாற்காலிதான் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவள் துணிந்து, கேப்டன் நிற்கப்போகிற நேரம் பார்த்து, தானே இடது மூலைக்கு ஓடினாள். பந்து வந்தது. நேராக, அழகாக, வேகமாக. வாயில் வந்து விழுந்தது.

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மிஸ் பஞ்சை அமுக்கினார். கேப்டன் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள், முகம் வெளுத்திருந்தது. "நீ ஏண்டி அங்க வந்த? அங்க ஏன் வந்த?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சின்னவள் கணக்குப் போட்டாள். மார்பிலிருந்து மார்புக்கு. கேப்டன் பந்தைத் தப்பாக எறியவில்லை. பெரியவள் அவளைவிட ஒரு தலை உயரம். பெரியவளின் மார்பு இருக்கும் இடத்தில் சின்னவளின் வாய் இருந்தது. அது அவளுக்கு எறிந்த பந்தே இல்லை.

அன்று மிஸ் கேப்டனைத் தனியாக அழைத்துப் பேசினார். தனியாக என்றாலும் காலிக் கூடத்தில் எல்லாம் கேட்கும்.

"மாசக் கடைசில மேட்ச். அன்னிக்கும் காலி மூலைக்குப் பந்து போட்டேன்னு வை, முதல் தடவை விட்டுடுவேன். ரெண்டாவது தடவை உன்னை வெளிய உக்கார வெச்சிடுவேன்."

"நாலு பேரை வெச்சு ஆடுவீங்களா மிஸ்?"

"ஆடுவேன். உன்னை அப்படிப் பாத்துட்டு நிக்கறதுக்கு அது தேவலை."

கேப்டன் தலை குனிந்து ஷூ நாடாவைப் பார்த்தாள். "என்னை வெளிய உக்கார வெச்சா நான் திரும்ப உள்ள வர மாட்டேன் மிஸ். பந்தையே தொட மாட்டேன்," என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

*

வீட்டில் பெரியவளின் பந்து அவள் கட்டிலின் மேல், தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவாள், கையைக் கழுவுவாள், அந்த அறைக்கு வந்து பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

"காத்து இன்னும் இறங்கிடுச்சுடி," என்பாள்.

"எல்லாப் பந்துலயும் இறங்கும்மா. உள்ள இருக்குறது ரப்பர் பை. ரப்பர்ல கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும், அது வழியா கொஞ்சம் கொஞ்சமா போகும். ஓட்டை இல்லாத பந்துலயும் போகும். நான் அடிச்சுத் தரட்டா? எனக்குத் தட்டிப் பழகவும் ஒரு பந்து வேணும்."

"வேணாம்."

"பம்ப் அலமாரிலதான் இருக்கு."

"இருக்கட்டும். இதுக்குள்ள இருக்குறது அவ அடிச்ச காத்து." அம்மா பந்தைப் பழைய இடத்திலேயே, கோடுகள் பழைய திசையைப் பார்க்கும்படி வைத்தாள். "இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

ரப்பர், சந்து, காற்று, சின்னவள் சொன்னது அத்தனையும் சரி. அம்மா சொன்னதும் சரி.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். உதடு எப்படிக் கிழிந்தது என்று சொன்னபோது அவர் உதட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பந்து அங்கதான் போகணும்னு அந்தப் பொண்ணுக்கு எது சொல்லுது?" என்று மட்டும் கேட்டார். லிஃப்டில் ஏதாவது சத்தம் என்று யாராவது கூப்பிட்டாலும் அவர் இப்படித்தான் தொடங்குவார். சத்தம் வருகிற இடத்தில் கோளாறு இருக்காது. சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் எது அசைந்தது என்று பார் என்பார்.

*

நிற்பதும் ஒரு பாடம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். தட்டுவதை நிறுத்திக் கையில் பிடித்துவிட்டால் ஓட முடியாது. ஒரு கால் தரையில் ஆணி அடித்ததுபோல் இருக்க வேண்டும், மற்றக் காலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்து வைத்துத் திரும்பலாம். "கதவுக்குக் கீல் மாதிரி," என்றாள் ரேடியோ. "கீல் நகந்தா அப்புறம் அது கதவே இல்ல. நடுவர் விசில் ஊதிடுவாரு."

நிற்பதில் இரண்டு விதம். ஒன்று, தாவி இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பது. அப்படி நின்றால் எந்தக் காலை வேண்டுமானாலும் கீல் ஆக்கிக்கொள்ளலாம். ஒட்டகமும் சிலந்தியும் ரேடியோவும் அப்படித்தான் நிற்பார்கள். இன்னொன்று, ஒரு கால், அடுத்த கால் என்று தனித்தனியாக ஊன்றி வேகத்தைக் கொன்று நிற்பது. முதலில் ஊன்றிய கால்தான் கீல். அந்த அணியில் அப்படி நின்றவள் கேப்டன் ஒருத்திதான். சின்னவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஒரு மதியம் உணவு இடைவேளையில் அவள் தனியாகக் கூடத்துக்குப் போனாள். மேல் ஜன்னல்கள் வழியாக வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பந்தை எடுக்கவில்லை. வெறும் காலடியை மட்டும் பழகலாம் என்று நடுக்கோட்டிலிருந்து ஓடி வந்தாள். கூடைக்கு இடப்புறம், கேப்டன் வழக்கமாக நிற்கிற அதே வெளுத்த பலகையின் மேல் இடது காலை ஊன்றினாள், வலது காலை ஊன்றினாள்.

இடது மூலையில் யாரோ இரண்டு தடவை கை தட்டினார்கள்.

டக். டக்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்துக்குப் பின்னால் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. அந்தத் தட்டலை அவளுக்குத் தெரியும். வீட்டில் குளியலறை வாசலில் நின்று, "சீக்கிரம் வாடி" என்பதற்குப் பதிலாகப் பெரியவள் தட்டுவது. சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளு என்பதற்குத் தட்டுவது. முதல் தட்டு அழுத்தமாக, இரண்டாவது கொஞ்சம் அவசரமாக.

"அக்கா?" என்றாள்.

கூடம் சும்மா இருந்தது. வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம். மெதுவாகத் திரும்பினாள். மூலையில் வெயில் கட்டம் ஒன்று, சுவரில் பந்து மோதி மோதி உண்டான கறை. வேறொன்றும் இல்லை.

ஓடிவிட வேண்டும் என்று கால்கள் சொல்லின. ஆனால் அவள் லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் எது அசைந்தது? அவள்தான் அசைந்தாள். நடுக்கோட்டுக்குத் திரும்பிப் போனாள். மறுபடி ஓடி வந்து, இடது, வலது.

டக். டக்.

இந்தத் தடவை தாவி இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றினாள். டக். ஒரே ஒரு தடவை. வேறு பலகையில் நின்று பார்த்தாள். சத்தமே இல்லை. பிறகு தரையில் படுத்து, காதை வைத்து, வெளுத்த பலகையை முஷ்டியால் குத்தினாள். அடியில் ஏதோ ஒரு நீளக் கட்டை இந்த முனையில் அமுங்க, மூலை முனையில் எழும்பி விழுவது காதுக்குள் தெளிவாகக் கேட்டது. பலகைகளைத் தாங்கும் கட்டை. அந்த மூலையில் அதற்குக் கீழே முட்டுக் கொடுத்த ஆப்பு எப்போதோ கழன்றிருக்க வேண்டும். இப்போது அது ஏறி இறங்கும் சீசாப் பலகை மாதிரி ஆடுகிறது. ஒரு கால் ஊன்றினால் ஒரு தட்டு, அடுத்த கால் ஊன்றினால் அடுத்த தட்டு. ஓடுகிற ஓட்டத்தில் மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு வருடம் காதைத் தீட்டி வைத்திருந்த ஒருத்திக்குத்தான் கேட்கும்.

கேப்டனுக்குக் கை தட்டல் கேட்கிறது. யோசிப்பதற்கு முன்னால் கை பந்தை எறிந்துவிடுகிறது.

சின்னவள் தரையிலேயே கிடந்தாள். கன்னத்தில் பலகையின் குளுமை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே போயும்விட்டது. ஒரு ஆப்பு செருகினால் அக்கா தட்டுவது நின்றுவிடும். தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தில் ஊசியைக் குத்துகிற மாதிரி. யாரைக் கேட்டு?

*

ஆனாலும் சொன்னாள். மிஸ்ஸிடம் இல்லை, கேப்டனிடம். மேட்ச்சுக்கு முந்தின சாயங்காலம், மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது.

"கேப்டனக்கா, உங்களுக்கு இங்க ஒரு சத்தம் கேக்குதா?"

கேப்டன் பந்தை நிறுத்தினாள். "எந்தச் சத்தம்?"

"ரெண்டு தடவை."

கேப்டனின் முகத்தில் முதலில் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. "உனக்கும் கேக்குதாடி?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பைத்தியமோன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. உனக்கும் கேக்குதா!"

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கை அத்தனை சூடாக இருந்தது. ஆனால் நாளை இரண்டாவது தடவை பந்து காலி மூலைக்குப் போனால் கேப்டன் வெளியே உட்கார்வாள், பிறகு பந்தைத் தொடவே மாட்டாள். கையை விடுவித்துக்கொண்டு, ஓடி வந்து, வெளுத்த பலகையில் ஊன்றினாள். இடது, வலது. டக். டக்.

கேப்டன் மூலையைப் பார்த்தாள். பிறகு சின்னவளின் கால்களைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை செய்."

செய்தாள். தாவியும் காட்டினாள். கட்டை, ஆப்பு, எல்லாம் விளக்கினாள். விளக்க விளக்கக் கேப்டன் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனாள், கடைசியில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு அவ தட்டினா," என்றாள். "நான் ஒரு நொடி லேட்டு. சிவப்பு நாற்காலியைச் சுத்தி வந்தேன். பந்து போறப்ப அவ கீழ விழுந்துட்டு இருக்கா. பந்து அவளைத் தாண்டிப் போய்ச் சுவத்துல மோதுச்சு. அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் உடனே போட்டுடறேன். லேட்டே பண்றதில்ல."

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப அது அவ இல்லையா?" என்றாள் கேப்டன்.

"தெரியலக்கா. கட்டை ஆடறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"தச்சரைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லப் போறியா?"

"நீங்க சொன்னா."

கேப்டன் ரொம்ப நேரம் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். "வேணாம்," என்றாள். "நாளைக்கு நானும் தாவி நிக்கறேன். ஒரு சத்தம்தானே வரும்? அது அவ இல்லன்னு தெரியும்."

அதற்குள் மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். "என்னடி ரெண்டு பேரும் தரையில படுத்து உருள்றீங்க, மிஸ் பெருக்கச் சொன்னாங்களா?" என்றாள் ரேடியோ. யாரும் சிரிக்காததைப் பார்த்து, "சரி, நான் போய் இன்னும் கொஞ்சம் தண்ணி குடிக்கறேன்," என்று திரும்பிப் போனாள்.

*

மேட்ச் அன்று காலை சின்னவள் ஷூவை எடுத்தபோது அம்மா பம்ப்போடு நின்றாள்.

"கொஞ்சம் மட்டும் அடி," என்றாள். "பழசு உள்ளயேதான இருக்கும்?"

"இருக்கும்மா. ஊசியைத் தனியா குத்தினாத்தான் வெளிய வரும். பம்ப்புல மாட்டிட்டுக் குத்தினா வராது." ஊசியை நாக்கில் நனைத்துக்கொண்டாள், ஈரம் இருந்தால் வால்வு கிழியாது. "புதுசு உள்ள போய்ப் பழசோட கலந்துக்கும். எது எதுன்னு பிரிக்கவே முடியாது."

அம்மா பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்னவள் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் பந்து அம்மாவின் கைக்குள் கொஞ்சம் நிமிர்ந்தது. இறுகியதும் அம்மா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "போதும்," என்றாள். "சாயங்காலம் வந்து இதுலயே தட்டிப் பழகு. ஆனா என் தலை வலிக்காம தட்டு."

கூடத்தில் கூட்டம் நிறைய இல்லை. எதிரணிப் பெண்கள் உண்மையான ஆட்களாக இருந்தார்கள். "சிவப்பு நாற்காலிக்குக் கை முளைச்சா இப்படித்தான் இருக்கும்," என்று ரேடியோ சின்னவளின் காதில் சொன்னாள். தொடக்கத்திலேயே பின்தங்கினார்கள். சின்னவள் ஒரு தடவை கீல் காலை நகர்த்தி விசில் வாங்கினாள். ஒரு தடவை பந்து அவள் விரலுக்குள் வழுக்கி எதிரணிக்குப் போயிற்று.

ஆட்டத்தின் நாலு கால்பகுதிகளில் முதலாவது முடியும் தறுவாயில் கேப்டன் உள்ளே புகுந்தாள். ஆட்டத்தின் வேகத்தில் முந்தின நாள் பேச்சு எல்லாம் பறந்துவிட்டது. இடது, வலது. சின்னவளுக்குக் கேட்டது. கேப்டனுக்கும் கேட்டது. பந்து காலி மூலைக்குப் பறந்து கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதியது. எதிரணிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். மிஸ் எழுந்து நின்றார். ஒரு விரலைக் காட்டினார். ஒன்று.

இடைவேளையில் கேப்டன் தண்ணீர் குடிக்கவில்லை. காலி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மூலைக்குப் போறேன்கா," என்றாள் சின்னவள்.

"அங்க வேணாம்."

"காலியா இருந்தாத்தானே தப்பு? நான் நின்னா காலி இல்ல."

"உன் வாய்ல விழும்டி."

"அப்ப பாத்துப் போடுங்க."

இரண்டாவது கால்பகுதியில் சின்னவள் அந்த மூலையில் நின்றாள். அக்காவுக்குப் பிறகு அணியில் யாரும் நிலையாக நிற்காத இடம். அங்கிருந்து பார்த்தால் கூடை பக்கவாட்டில் தெரியும். கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகை வெறும் கோடாகத் தெரியும். பலகையில் அடித்துப் போட முடியாத இடம், கையை மட்டுமே நம்ப வேண்டிய இடம் என்று ரேடியோ சொன்னது நினைவுக்கு வந்தது. அக்கா கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்பதும் நினைவுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது. சுவருக்கும் அவளுக்கும் நடுவே இடம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைக் காத்து நின்ற எதிரணிப் பெண்ணை இழுத்துக்கொண்டு நாலடி முன்னே போய், சட்டென்று விட்டுவிட்டு மூலைக்குத் திரும்ப வேண்டும். பந்து வரும்போது வந்து சேர வேண்டும். அதுதான் கற்றுக்கொண்டது.

கேப்டன் புகுந்தாள். சின்னவள் முன்னே ஓடி, நின்று, திரும்பினாள். கேப்டன் தாவினாள். இரண்டு காலும் ஒன்றாகத்தான் ஊன்றின. சின்னவள் தன் கண்ணால் பார்த்தாள்.

டக்.

அது கட்டை.

டக்.

இரண்டாவது தட்டு சின்னவளின் உள்ளங்காலுக்குக் கீழே கேட்டது. கொஞ்சம் அவசரமாக.

கேப்டனின் தலை திரும்பியது. அதுவரை இந்த மூலைக்குப் பந்து எறியும்போது அவள் தலையைத் திருப்பியதே இல்லை. கண்கள் சின்னவளின் தலைக்கு மேலே, பின்னால், ஒரு தலை உயரத்தில் ஒரு நொடி நின்றன. அங்கே எதைக் கண்டாளோ, அவள் லேசாகத் தலையசைத்தாள். பிறகு கண்கள் கீழே இறங்கின. சின்னவளின் முகத்துக்கு வந்தன. இன்னும் இறங்கின.

பந்து மார்புக்கு வந்தது. சரியாக மார்புக்கு, விரித்து வைத்திருந்த பத்து விரல்களுக்கு நடுவே. எறிந்த கேப்டனின் கட்டைவிரல்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சின்னவள் முழங்காலை மடித்தாள், முழங்கையைக் கூடைக்கு நேராக வைத்தாள், எம்பினாள், மணிக்கட்டை மடக்கி விட்டாள். பந்து வளையத்தில் பட்டு எகிறியது. ஒட்டகம் அலட்டிக்கொள்ளாமல் கையை நீட்டி அதை உள்ளே போட்டது.

"இவ ஓடி ஓடி உழைக்கறா, பேரு ஒட்டகத்துக்கு!" என்று ரேடியோ கத்தினாள். மிஸ் உட்கார்ந்துவிட்டார். கேப்டன் திரும்பி ஓடும்போது சின்னவளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சீக்கிரம் வாடி," என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பந்து பலமுறை வந்தது. தோற்றார்கள், ஆனால் கேவலமாகத் தோற்கவில்லை.

கூடம் காலியான பிறகு சின்னவள் நாற்காலிகளை அடுக்கினாள். வெளுத்த பலகை வெயிலில் கிடந்தது. கேப்டன் ஊன்றிய அதே கணத்தில் தானும் மூலையில் காலை ஊன்றியிருக்கலாம். கட்டையின் அந்த முனை தன் எடைக்கு அமுங்கியிருக்கலாம். அப்படியானால் இரண்டாவது தட்டு தன்னுடையதுதான். கேப்டனை ஒரு தடவை இங்கே தாவச் சொல்லி, தான் மூலையில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். கேப்டன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் வருவாள்.

சின்னவள் கடைசி நாற்காலியை, அந்தச் சிவப்பு நாற்காலியை, அடுக்கின் மேல் வைத்தாள். கதவுப் பக்கம் நடந்தாள். வழியில் அந்தப் பலகை வந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.